கெட்ட சாலை என்று ஒன்றில்லை: மட்டாஞ்சேரியை முன்வைத்துச் சக்கரவியலில் ஓர் ஆய்வு

இடவப்பாதி எனக் கேரளத்தார் அழைக்கும் தென்மேற்குப் பருவமழை இறங்கிய சில வாரங்களுக்குள், கொச்சியின் சாலைகளைப் பற்றிய வசைகள் ஆண்டுதோறும் ஒரே சுருதியில் எழுந்து அடங்குகின்றன. அவ்வசைகள் அனைத்திலும் சாலை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவதும், அதன்மேல் ஓடிய சக்கரம் சாட்சியாகக்கூட அழைக்கப்படாமல் போவதும் அறிவுலகம் இதுவரை கண்டுகொள்ளாத ஓர் அநீதியாகும். ‘சாலை கெட்டுவிட்டது’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் உண்மையில் தெரிவிப்பது, தம் வண்டியின் சக்கரம் வட்டமாக இருக்கிறது என்ற ஒரே செய்தியைத்தான். சக்கரம் வேறு வடிவில் இருந்திருந்தால் அதே சாலை அவருக்குப் பளிங்குத் தரையாகத் தோன்றியிருக்கக்கூடும். சக்கரமும் தளமும் ஒன்றுக்கொன்று எவ்வாறு பொருந்துகின்றன என்று ஆராயும் துறைக்குச் சக்கரவியல் எனப் பெயரிட்டு, கெட்ட சாலை என்று ஒன்றில்லை, பொருத்தம் பார்க்காமல் முடித்துவைக்கப்பட்ட சக்கரமே உண்டு என்பதை அதன் முதற்கோட்பாடாக நிறுவுவதும், அதற்கான சான்றுகளைக் கொச்சியின் மட்டாஞ்சேரித் தெருக்களிலிருந்து திரட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லாராய்ச்சி. சக்கரத்தைக் குறிக்கத் தமிழில் ஆழி, நேமி, திகிரி, உருள், கால் எனப் பல சொற்கள் வழங்கியிருக்கின்றன. இவற்றுள் உருள் என்பது அப்பொருள் செய்யும் வேலையைச் சொல்கிறதே தவிர அதன் வடிவத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆழி என்பதற்கு மோதிரம் என்ற பொருளும் இருப்பதால் வட்டம் அதில் அடங்கிவிட்டதென வாதிடுவோருக்கு, விரல் நுழையச் சதுரத் துளையும் போதும் என்பதே விடை. ஆழிக்குக் கடல் என்ற பொருளும் இருப்பதையும், கொச்சித் துறைமுகத்தின் வாயை அங்குள்ளோர் அழிமுகம் என்பதையும் சேர்த்து முடிச்சுப்போட்டு ஒரு நூலே எழுதிவிடலாம். ஆனால் ஆழியும் அழியும் வேறு வேறு சொற்கள் என்பதால் அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே ஆய்வொழுக்கம். உருளி என்ற சொல் மலையாளத்தில் சமையற்கட்டுக்குப் போய் வாயகன்ற வெண்கலப் பாத்திரமாகிவிட்டது. எஞ்சியவற்றுள் கால் என்ற சொல் கவனத்துக்குரியது. திருக்குறளின் இடனறிதல் அதிகாரம், வலிய கால்களையுடைய தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்று சொல்லுமிடத்தில் கால் என்பது சக்கரத்தையே குறிக்கிறது. சக்கரவியலின் மூலச் சூத்திரம் இதுவே என்று கொள்வதில் தவறில்லை. வள்ளுவர் தேரைக் குறைசொல்லவில்லை, கடலையும் குறைசொல்லவில்லை.

தேர் ஓடாத நீரும் நாவாய் ஓடாத நிலமும் ஒரே சுவரின் இரு பக்கங்களில் இருப்பது மட்டாஞ்சேரியில்தான் என்பதால், இந்த ஆய்வுக்கு அதைவிடத் தகுந்த களம் கிடைப்பதரிது. 1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் வாயை அகலத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அதன்பின் வளர்ந்த பஜார் சாலையின் பண்டகசாலைகள் முதுகைக் காயலுக்கும் முகத்தைத் தெருவுக்கும் காட்டி நிற்கின்றன. அரிசி, மிளகு, சுக்கு, ஏலம் எல்லாம் பின்வாசலில் வள்ளத்திலிருந்து இறங்கி, முன்வாசலில் வண்டியேறின. இராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920களிலும் 30களிலும் காயலைத் தூர்வாரி, அந்த மண்ணைக்கொண்டே வில்லிங்டன் தீவை உருவாக்கிப் பெரிய கப்பல்களை உள்ளே வரவழைக்கும்வரை, சரக்குப் பயணத்தின் நீண்ட பகுதி நீருக்கும், எஞ்சிய சில நூறு கஜம் மட்டும் சக்கரத்துக்கும் உரியதாக இருந்தது. கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் இந்நிலத்தில் குன்றுமில்லை, சரிவுமில்லை. ஆகவே இங்குள்ள சாலையின் ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் இயற்கையின் கலப்படமின்றி முழுக்க மனித முயற்சியால் உண்டானது. ஓர் ஆய்வகம் இதைவிடத் தூய்மையாக இருக்க முடியாது.

இந்த ஆய்வகத்தின் அடிப்படை அலகு கட்டர். சாக்கடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கேரளத்தில் சாலைக்குழியைக் குறிக்கத் தொடங்கியதன் காரணத்தை மழைக்காலத்தில் அதை எட்டிப்பார்த்தவர் எளிதில் ஊகிப்பர். வட்டச் சக்கரம் ஒரு குழிமேல் வரும்போது அடிவரை இறங்குவதில்லை. குழியின் இரு விளிம்புகளிலும் பட்டு நின்றுவிடுகிறது. எவ்வளவு இறங்குகிறது என்பது ஆரத்தைப் பொறுத்தது. முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டரில், ஏறத்தாழ 20 செ.மீ. ஆரமுள்ள ஆட்டோவின் சக்கரம் 6.8 செ.மீ. இறங்க, 50 செ.மீ. ஆரமுள்ள பேருந்தின் சக்கரம் 2.3 செ.மீ. மட்டுமே இறங்குகிறது. ஒரே குழி, இரண்டு ஆழம். குழியின் ஆழம் சாலையின் குணமன்று, சக்கரத்தின் குணம் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. கைவண்டிக்கும் மாட்டுவண்டிக்கும் ஆளுயரத்தில் பாதிக்கு மேற்பட்ட சக்கரங்களை ஆசாரிகள் பூட்டியதற்கும், குடம், ஆரக்கால், வட்டை என ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாகச் செதுக்கி மேலே இரும்புப் பட்டாவைக் காய்ச்சி இறுக்கியதற்கும் பின்னால் இந்தக் கணக்கே இருந்தது, அதை எவரும் தாளில் எழுதிவைக்காவிட்டாலும்.

மேலும், இன்று ஓடும் எந்த வண்டியின் சக்கரமும் வட்டமே அன்று. டன்லப் 1888இல் காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து, சுமை ஏறிய ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது. தட்டைப் பக்கம் சக்கரத்தோடு சுற்றாமல் எப்போதும் கீழேயே தங்கிவிடுவதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. பெட்டி ஆட்டோ என்று மட்டாஞ்சேரியில் அழைக்கப்படும் மூன்றுசக்கரச் சரக்கு வண்டியில் பத்து மூட்டைக்குப் பதில் பதினைந்து மூட்டை ஏற்றப்படும்போது இத்தட்டைப் பக்கம் சாலையின் மறுமுனையிலிருந்தே தெரியும். வட்டத்துக்காக வாதாடுவோர் அத்தருணத்தில் மௌனம் காப்பது வழக்கம்.

இனிச் சதுரச் சக்கரத்துக்கு வரலாம். எவ்வடிவச் சக்கரமும் குலுங்காமல் உருள இரண்டு நிபந்தனைகள் போதும்: சக்கரம் தளத்தைத் தொடும் புள்ளி எப்போதும் அச்சுக்கு நேர்கீழே இருக்க வேண்டும், சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு கடந்ததோ அவ்வளவே தளமும் கடந்திருக்க வேண்டும், அதாவது வழுக்கக்கூடாது. இவ்விரண்டையும் சதுரத்துக்குப் பொருத்தினால், அது உருள வேண்டிய தளம் கவிழ்த்துவைத்த சங்கிலிவளைவுகளின் வரிசையாக இருக்க வேண்டும் என்ற விடை கிடைக்கிறது. சங்கிலிவளைவு என்பது இரு முனைகளில் கட்டித் தொங்கவிட்ட சங்கிலி தன் எடையால் தானே அமைத்துக்கொள்ளும் வடிவம். மணமேடையில் இருவர் ஆளுக்கொரு முனை பிடித்த பூமாலையிலும் அதைக் காணலாம். பரவளையம் என்ற வேறொரு வளைவுக்கு இது மிக நெருங்கியது என்று கலிலியோ 1638இல் எழுதினார். இரண்டும் ஒன்றல்ல என்று 1646இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற 17 வயது டச்சு இளைஞர் நிறுவினார். 1691இல் அவரும் லைப்னிட்ஸும் ஜோஹன் பெர்னூலியும் தனித்தனியே அதன் கணிதத்தை முழுமையாகத் தீர்த்தனர். டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தது 1663இல். இன்னும் இருபத்தெட்டு ஆண்டுகள் பொறுத்து வந்திருந்தால், மட்டாஞ்சேரி அரண்மனையைப் பழுதுபார்த்த கையோடு சதுரச் சக்கரத்துக்கான சாலையையும் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அவர்களது அவசரத்தால் நேர்ந்த இழப்பு இது. எனினும் அவர்கள் காலத்தில் துணி துவைக்கத் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட வண்ணார்களின் வழிவந்தோர், அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற இடத்தில் துறையமைத்து இன்றும் வேலை செய்கின்றனர். அங்கே வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட கொடிக்கயிறுகள், துணி உலர்ந்து உருவப்பட்ட பின் வெறுமனே தொங்குகையில், தூய சங்கிலிவளைவுகளாகின்றன. ஈரவேட்டி தொங்கும்போதும் அவ்வளைவு அப்படியே நிற்கிறதா, அல்லது கலிலியோவின் பரவளையத்தை நோக்கிச் சாய்கிறதா என்பது வேட்டிகள் கயிற்றின் நீளத்தைப் பார்த்துப் பரப்பப்பட்டனவா, தரையின் நீளத்தைப் பார்த்தா என்பதைப் பொறுத்தது. வண்ணார் சங்கத்தில் இது விவாதிக்கப்படாதிருப்பது சக்கரவியலுக்கு இழப்பே.

பக்கத்துக்கு இரண்டடி கொண்ட சதுரச் சக்கரம் மட்டாஞ்சேரியில் ஓட வேண்டுமானால், சாலையின் ஒவ்வொரு மேடும் ஏறத்தாழ 21 அங்குல நீளமும் 5 அங்குல உயரமும் கொண்டிருக்க வேண்டும். இரு மேடுகள் சந்திக்குமிடத்தில் உண்டாகும் செங்கோணப் பள்ளத்தில் சதுரத்தின் மூலை கச்சிதமாக அமர்ந்து எழும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,860 மேடுகள். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 1,135 மீட்டர் நீளத் தளம் போட வேண்டியிருப்பதால், தார்ச்செலவு 13 விழுக்காட்டுக்கு மேல் கூடும். ஒப்பந்தக்காரர் எவரும் இதை ஒரு குறையாகக் கருதமாட்டார். இது வெறும் தாள் கணக்கும் அன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மக்காலெஸ்டர் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஸ்டேன் வேகன் 1997இல் இத்தகைய தளம் போட்டுச் சதுரச் சக்கர மூன்றுசக்கர மிதிவண்டியை ஓட்டிக் காட்டினார். நியூயார்க்கில் 2012இல் திறக்கப்பட்ட கணித அருங்காட்சியகத்தில் அதையே வட்டப் பாதையாக அமைத்துப் பார்வையாளர்களை ஏற்றுகின்றனர். அச்சு மட்டம் மாறுவதில்லை என்பதால் மேலும்கீழும் குலுங்கல் இல்லை. ஆனால் மிதியின் வேகம் சீராக இருந்தாலும் வண்டியின் வேகம் சீராக இராது. மூலையில் ஊன்றி உருளும் கணத்தில், பக்கத்தின் நடுவில் உருளும்போது இருந்ததைவிட 41 விழுக்காடு விரைகிறது. மட்டாஞ்சேரி வழியே பேருந்தில் போய்வருவோருக்கு, திடீர்ப் பாய்ச்சலும் திடீர்த் தயக்கமும் மாறி மாறி வருவதில் புதுமை எதுவும் இருக்காது.

ஐங்கோணம், அறுகோணம் என எத்தனை பக்கம் கூடினாலும் இதே முறை பொருந்தும். பக்கம் கூடக்கூட மேடு தணிந்து, முடிவில் சக்கரம் வட்டமாகவும் சாலை மட்டமாகவும் ஆகிவிடும். அதாவது மட்டமான சாலையும் வட்டமான சக்கரமும் இந்த நெடிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகள். கடைக்குட்டிக்கே வீட்டில் செல்லம் அதிகம் என்ற விதிப்படி மற்றவை மறக்கப்பட்டன. முக்கோணம் மட்டும் இக்குடும்பத்தில் சேராது. அதற்குரிய மேடுகள் 60 பாகைச் சரிவில் சந்திப்பதால், முக்கோணத்தின் மூலை தன் பள்ளத்தை அடைவதற்கு முன்பே அடுத்த மேட்டில் இடித்துக்கொள்கிறது. தளமும் சக்கரமும் தாளில் பொருந்தியும் தெருவில் பொருந்தாத ஒரே ஒழுங்குப் பலகோணம் இது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் அமைந்த சில திருமணங்களை இங்கு நினைவுகூரலாம்.

சக்கரத்துக்கு மேட்டைப் பொருத்தும் முறை இதுவென்றால், ஏற்கெனவே கிடக்கும் மேட்டுக்குச் சக்கரத்தைப் பொருத்தும் முறை இன்னும் சுவையானது. கேரளத்தில் ஹம்ப் என்றும் தமிழகத்தில் வேகத்தடை என்றும் சொல்லப்படுவதற்கு, இந்தியச் சாலைப் பேரவை 1988இல் வகுத்த அளவு ஒன்று உண்டு: 17 மீட்டர் ஆரமுள்ள வட்டவில்லாகவும், 3.7 மீட்டர் அகலமாகவும், 10 சென்டிமீட்டர் உயரமாகவும் அமைந்தால், வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் தொல்லையின்றிக் கடக்கலாம். இந்த அளவு எந்தச் சக்கரத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது என்பது பேரவையே அறியாத இரகசியம். கணக்கு அதை வெளிப்படுத்துகிறது. இத்தகைய மேடுகள் இடைவெளியின்றி வரிசையாக வந்தால், அவற்றின்மேல் சிறு குலுக்கலுமின்றி உருளக்கூடியது 29 பக்கங்கள் கொண்ட, 34 மீட்டர் உயரமான சக்கரம். அதன் ஒரு பக்கத்தின் நீளம் 3.7 மீட்டர், அதற்கு வேண்டிய மேட்டின் உயரம் 10 சென்டிமீட்டர், இரண்டும் பேரவையின் எண்களோடு மயிரிழை பிசகாமல் ஒத்துப்போகின்றன. பத்து மாடி உயரமுள்ள இச்சக்கரம் ஜூ டவுன் என்னும் யூதர் தெருச் சந்தில் நுழையாது என்ற மறுப்பு எழலாம். சந்தின் அகலம் தனி ஆய்வுக்குரியது. இங்கு பேசப்படுவது சக்கரம். பிழை வேறிடத்தில் இருக்கிறது: மட்டாஞ்சேரியில் ஹம்ப்புகள் பேரவையின் அளவில் இல்லை, பள்ளிக்கூட வாசலில் இரவோடிரவாகத் தட்டிப்போட்ட ஓரடி அகல வரப்புகளாகவே பெரும்பாலும் இருக்கின்றன, அவற்றுக்குரிய சக்கரத்தை எந்தக் கணிதமும் ஏற்பதில்லை.

வட்டமல்லாத சக்கரங்களை இந்தியர் அனைவரும் ஒருகாலத்தில் சட்டைப்பையில் வைத்திருந்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். அலுமினிய ஐந்து பைசா மூலை மழுங்கிய சதுரம். மூன்று பைசாவும் பின்னாளில் வந்த இருபது பைசாவும் அறுகோணம். பத்து பைசாவுக்குப் பூவிதழ் விளிம்பு. 1992இல் வந்த இரண்டு ரூபாய்க்குப் பதினொரு பக்கம். கடைப் பலகையிலிருந்து நழுவிய நான்கணா உருண்டோடிச் சாக்கடையை அடைந்தபோது, ஐந்து பைசா விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஏழையின் காசு உருண்டு தொலையக்கூடாது என்ற நல்லெண்ணம் நாணயச்சாலைக்கு இருந்ததெனத் துணிந்து கூறலாம். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாதவையாகி, இந்தப் பொது அருங்காட்சியகம் மூடப்பட்டது.

மட்டாஞ்சேரியில் இன்னொரு வில்லை உருண்டது. சாப்பா என்பது அதன் பெயர். துறைமுக வேலைக்காகக் காத்து நின்ற கூட்டத்தின் நடுவே கங்காணிகள் அந்த உலோக வில்லைகளை வீசியெறிய, அடித்துப் பிடித்துப் பொறுக்கியவருக்கே அன்று வேலை, மற்றவருக்குப் பட்டினி. அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து, தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். அந்த வில்லைகள் எந்தத் தளத்தில் எப்படி உருண்டன என்று வினவ இக்கட்டுரைக்குத் தகுதியில்லை.

வட்டமாக இல்லாமலேயே மட்டமான தரையில் ஓடக்கூடிய வடிவங்களும் உண்டு. ஒருவிட்டச் சீர்மை என்பது எப்பக்கமாக அளந்தாலும் அகலம் மாறாதிருத்தல். சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு மூலையையும் மையமாகக் கொண்டு எதிர்ப்பக்கத்தை வில்லாக வளைத்தால், ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோவின் பெயர் தாங்கிய அத்தகைய முக்கோணம் கிடைக்கும். பிரிட்டனில் 1969 முதல் புழங்கும் ஏழுபக்க ஐம்பது பென்னி நாணயமும் இவ்வினத்தைச் சேர்ந்தது. ஒரே அகலமுள்ள இவ்வடிவங்கள் யாவற்றுக்கும் சுற்றளவும் ஒன்றே என்பதை 1860இல் கணிதவியலாளர் பார்பியே நிறுவினார். இதில் அச்சைப் பூட்டினால் அச்சு மேலும்கீழும் ஆடும். ஆனால் அச்சே இல்லாமல் பலகைக்கடியில் உருளைகளாக இட்டால் பலகை துளியும் ஏறி இறங்காமல் நகரும். பேப்பூரில் கட்டப்படும் உரு என்ற பெருமரக்கலங்களை உருட்டுக்கட்டைகள்மேல் ஏற்றிக் கப்பியும் வடமும் கொண்டு நீரில் இறக்கும் மாப்பிள்ளைக் கலாசிகள், முக்கோண உருளைகளைப் பரிசீலித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் உருண்டை மரத்தோடு நிறைவடைந்துவிட்டது, எளிதில் கிடைப்பதை வைத்து வேலையை முடிக்கும் பாமரப் போக்கு என்றே கல்வியுலகம் கருத வேண்டும்.

தளத்தைச் சக்கரத்தோடு கூடவே சுமந்துசெல்லும் முறையைத் தமிழர் தேரோட்டத்தில் கண்டனர். திருவாரூர் ஆழித்தேராயினும், பாலக்காட்டுக் கல்பாத்தியில் முன்னால் மக்கள் வடம்பிடிக்கப் பின்னால் யானை நெற்றியால் முட்டித் தள்ளும் தேராயினும், அதை நிறுத்தவும் திருப்பவும் தேவைப்படுவது முட்டுக்கட்டை. ஒருபுறம் சரிவாகச் செதுக்கிய இந்தக் கட்டையை உருளும் சக்கரத்தின் வாயில் கொடுத்து, தேவைப்பட்ட நொடியில், தேவைப்பட்ட பக்கத்தில், தேவைப்பட்ட உயரத்துக்கு ஒரு மேட்டை உண்டாக்குகிறார்கள். நடமாடும் சாலை என்று இதனைச் சொல்லலாம். முட்டுக்கட்டை போடுதல் என்பது பேச்சுவழக்கில் பழிச்சொல்லானது, வடம்பிடிப்பவர் கூட்டம் பெரிது, கட்டை போடுபவர் கூட்டம் சிறிது என்பதால் இருக்கலாம்.

நுங்கு வண்டி இதற்கு நேரெதிர். கோடையில் பாலக்காட்டிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து கொச்சிச் சாலையோரங்களில் குவியும் பனங்காய்களில், நுங்கைத் தோண்டித் தின்ற பின் எஞ்சும் கோம்பைகள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளில் குத்தி, கவைக்கம்பால் தள்ளினால் வண்டி ஆயிற்று. காய்க்குள் உள்ள கண்ணின் எண்ணிக்கை சக்கரத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது: முக்கண் கோம்பை மழுங்கிய முக்கோணம், இருகண் நீள்வட்டம், ஒற்றைக்கண் ஓரளவு உருண்டை. இருபுறமும் முக்கண் அமைந்து, இரண்டின் மூலைகளும் ஒரே நேரத்தில் தரையில் படாதவாறு குத்தப்பட்டால், வண்டி வாத்து நடை போடுகிறது. இதை ஓட்டும் சிறுவர் எவரும் தளத்தைக் குறைசொன்னதாகக் கேள்வியில்லை. அதற்குக் காரணம் மணல்: இளகிய தளம் சக்கரத்தின் மூலைகளுக்கு இடம் விட்டுக்கொடுத்து, ஓட ஓடத் தனக்குத் தானே அச்சு வார்த்துக்கொள்கிறது. இந்தத் தாராளத்துக்கும் எல்லை உண்டு. டொராண்டோவின் ஆய்வாளர் ஸ்டீபன் மாரிஸும் அவருடைய சகாக்களும் சுழலும் மணல் மேசையின்மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டு 2007இல் கண்டறிந்தபடி, வட்டச் சக்கரமேயாயினும் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் மட்டமான மணலில் தானாகவே அலையலையான மேடுகள் எழுகின்றன. வட்டச் சக்கரம் தனக்கு ஒவ்வாத சாலையைத் தானே படைத்துக்கொள்கிறது என்பது இதன் பொருள். வழக்கை இத்துடன் முடித்துவிடலாம். ஆயினும் நீதி தீர்ப்போடு நிற்காமல் நிவாரணமும் தர வேண்டும்.

நிவாரணமாவது, மட்டாஞ்சேரிச் சாலையை இருந்தபடியே விட்டு, அதற்குரிய சக்கரத்தைச் செதுக்குதல். வழி நேரானது: அச்சு செல்ல வேண்டிய மட்டக்கோட்டை மனத்தில் வரைந்து, அக்கோட்டிலிருந்து சாலை ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு கீழே இருக்கிறதென அளந்து, அந்த அளவுகளையே முறையே ஆரங்களாகக் கொண்டு சக்கரத்தின் விளிம்பை வரைய வேண்டும். பெயர்ந்து சாய்ந்த இன்டர்லாக் கற்கள் பற்கள்போல் வரிசையாக நிற்குமிடத்துக்கு, நத்தையோட்டில் காணும் மடக்கைச் சுருளின் துண்டுகளை இதழ்களாகக் கோத்த சக்கரம் வரும். அலைபோல் சீராக எழுந்து தாழுமிடத்துக்கு, நடுவில் அல்லாமல் குவியத்தில் அச்சு பூட்டிய நீள்வட்டம் வரும். இடர்ப்பாடு ஒன்றே ஒன்று. சக்கரம் முழுச் சுற்று சுற்றி முடிக்கும்போது தொடங்கிய இடத்திலேயே விளிம்பு வந்து சேர வேண்டும். சேராவிட்டால் சக்கரம் மூடாது. அதற்குச் சாலையின் மேடுபள்ளங்கள் ஒரே முறையில் திரும்பத் திரும்ப வர வேண்டும். மட்டாஞ்சேரியில் எந்த இரண்டு கட்டர்களும் ஒன்றுபோல் இல்லை. இருந்தாலும் அடுத்த இடவப்பாதிக்கு மேல் அப்படியே இருக்கப்போவதில்லை. ஆகவே சக்கரத்தை ஆண்டுதோறும், ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனியே, செப்டம்பரில் செதுக்கத் தொடங்கி மே மாதத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். வட்டச் சக்கரத்துக்கு முற்றிலும் ஏற்ற தளம் இப்பகுதியில் வேண்டுமென்றால், 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த, ஒன்றைப்போல் மற்றொன்றில்லாமல் கையால் தீட்டிய நீலவெள்ளை ஓடுகள் பதித்த தரை அது. அங்கே செருப்புக்கே அனுமதியில்லை.

எத்தளத்துக்கும் ஒத்துவரும் ஒரு சக்கரம் இருக்கிறதா என்ற வினாவுக்கு விடை, பண்டகசாலையின் வாசலிலேயே நிற்கிறது. வட்டையில்லாச் சக்கரம் என்பது பொறியியலில் வழங்கும் ஒரு கருத்துரு: சக்கரத்தின் விளிம்பைக் கழற்றிவிட்டு ஆரக்கால்களை மட்டும் வைத்துக்கொண்டால், அது ஓர் ஆரக்காலின்மேல் சாய்ந்து அடுத்ததில் ஊன்றி, மெல்லிய சரிவில் தானாகவே இறங்கிச் செல்லும். டாட் மெக்கீர் என்ற பொறியாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வு, மனித நடையும் இதே இயக்கமே என்பதைக் காட்டி, இயந்திரமே இல்லாமல் சரிவில் நடந்திறங்கும் பொம்மைக் கால்களுக்கு வழிவகுத்தது. தொண்ணூறு சென்டிமீட்டர் நீளக் காலும் 62 சென்டிமீட்டர் எட்டும் உடைய ஒரு சுமைதூக்கும் தொழிலாளியைச் சக்கரவியல் முறைப்படி அளந்தால், அவர் ஒன்பது ஆரக்கால் கொண்ட சக்கரம். அவற்றுள் ஏழு இல்லை. உள்ள இரண்டே முறைவைத்து ஒன்பதின் வேலையையும் பார்க்கின்றன. எட்டுக்கு எட்டு அவரது இடுப்பு, அதாவது அச்சு, ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது என்பதே இச்சக்கரத்தின் ஒரே குறை. முழங்காலை மடக்கி அதையும் அவர் ஓரளவு குறைத்துக்கொள்கிறார். வள்ளத்திலிருந்து கரைக்குப் போட்ட ஒற்றைப் பலகையிலும், பாசி படிந்த படியிலும், கட்டரின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும், தலைமேல் மூட்டையோடு உருண்டு கடப்பது இது ஒன்றுதான். வள்ளுவர் தேருக்குச் சொன்ன அதே கால்.

இச்சக்கரத்தின் பட்டா ரப்பர் செருப்பு. அதன் தேய்மானம் குதிகாலின் வெளிவிளிம்பில் தொடங்கி உள்நோக்கிப் பரவுகிறது. வார் அறுந்தால் ஊக்கு குத்தப்படுகிறது. அடி தேய்ந்து தரை தெரியும்போது, வழக்கமாக இடவப்பாதிக்கு முந்திய வாரத்தில், புதியது வாங்கப்படுகிறது.